அரசியலமைப்பும் ஒரு காணி உறுதியே!

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று இம்மண்டபத்தில் இருவகையினராக நாம் கூடியிருக்கிறோம். ஒரு சாரார் மண்ணைக் கொத்தி வாழ்பவர். மற்றொரு சாரார் ஏட்டைப் புரட்டி வாழ்பவர். அரசியலமைப்புத் திருத்தம் என்ற பேச்சு எழுந்தவுடன் முன்னவர், "அது படித்தவர்களின் சங்கதி" என்கின்றனர். பின்னவரோ, "அது வழக்கறிஞர்களின் சங்கதி" என்று ஒதுங்கிவிடுகின்றனர். இவ்வாறு ஒருவர்மேல் ஒருவர் பாரத்தைச் சுமத்திவிட்டு நாம் அனைவரும் உறங்கிய வேளைகளிலேதான் நம் தலைவிதியை நிர்ணயித்த வாசகங்கள் எழுதப்பட்டன.

கமக்காரர் ஒருவர் காணி வாங்கும்போது எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்பதை நாம் அறிவோம். நொத்தாரிசு உறுதியை வாசிக்கும்போது அவர் காது தீட்டிக் கேட்கிறார். வடக்கு எல்லை யாருடையது, கிழக்கு எல்லையில் ஒழுங்கை உண்டா, கிணற்றில் எத்தனை பங்கு, துலாவுக்கும் வழி வாய்க்காலுக்கும் உரிமை எழுதப்பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அவர் சட்டம் படித்தவரல்லர். ஆயினும் "வழி வாய்க்கால் உரிமையும்" என்ற சொற்கள் விடுபட்டால் தோட்டம் வரண்டு போகும் என்பது அவருக்குத் தெரியும். அரசியலமைப்பும் அத்தகையதோர் உறுதியே. அதில் எழுதப்பட்டிருப்பது நாட்டின் எல்லையும், அதிகாரத்தின் பங்கும், உரிமையின் வழி வாய்க்காலுமாகும். சொந்தக் காணிக்குக் காட்டும் விழிப்பில் காற்பங்கையாவது இந்தப் பொது உறுதிக்குக் காட்டுவோம் என்று வேண்டிக்கொள்வதே நமது இன்றைய நோக்கம்.

திருத்தம் என்பது யாது?

இன்று நடைமுறையிலுள்ள அரசியலமைப்பு 1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. 2022ஆம் ஆண்டு வரையில் அதற்கு இருபத்தோராம் திருத்தம் வரை இலக்கமிடப்பட்டது. பன்னிரண்டாவது நிறைவேறாது போயிற்று; ஆதலின் அதுகாறும் சட்டமானவை இருபது.

திருத்துவதற்கான வழி அரசியலமைப்பின் 82ஆம், 83ஆம் உறுப்புரைகளிற் கூறப்பட்டுள்ளது. முதலாவது விதி: எந்த உறுப்புரை நீக்கப்படுகிறது, எது மாற்றப்படுகிறது என்பது சட்டமூலத்தில் வெளிப்படையாகக் குறிக்கப்படல் வேண்டும். இரண்டாவது விதி: வருகை தந்தோர் தொகையிலன்று, பாராளுமன்றத்தின் முழு உறுப்பினர் தொகையில் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டுப் பதினான்காந் திருத்தம் உறுப்பினர் தொகையை 225 ஆக்கியது. ஆகவே 150 வாக்குகள் தேவை. மூன்றாவது விதி: ஒற்றையாட்சி, மக்களின் இறைமை, பௌத்தத்துக்கு முதன்மை, சிந்தனைச் சுதந்திரம் முதலியவை பற்றிய சில உறுப்புரைகளைத் தொடுவதாயின் மூன்றில் இரண்டும் போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும்.

அத்தகைய வாக்கெடுப்பு ஒன்று நடைபெற்றதை மூத்தோர் மறந்திரார். 1982ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி விளக்கும் குடமும் சின்னங்களாக நம்முன் வைக்கப்பட்டன. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைப் பொதுத் தேர்தலின்றியே 1989 ஆகஸ்ட் வரை நீடிப்பதா என்பதே கேள்வி. யாழ்ப்பாண மாவட்டத்தில் குடமே வென்றது. நாடளாவிய கணக்கில் விளக்கு வென்றது. கேள்வி நான்காந் திருத்தமாயிருக்க, மக்கள் கண்டது விளக்கையும் குடத்தையும் மாத்திரமே. சின்னத்துக்குப் பின்னால் இருந்த வாசகத்தை ஊர் ஊராக எடுத்து விளக்கியவர் எத்தனை பேர்?

ஐந்து கேள்விகள்

திருத்தமொன்று கைக்கு வரும்போது, சட்டக் கல்லூரிக்குச் செல்லாதவரும் கேட்கத்தக்க ஐந்து கேள்விகளை நாம் முன்வைக்கிறோம்.

ஒன்று: எந்த உறுப்புரை தொடப்படுகிறது? இரண்டு: எந்தச் சொல் போகிறது, எந்தச் சொல் வருகிறது? மூன்று: யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு அதிகாரம் மாறுகிறது? நான்கு: "உட்பட்டு", "தவிர", "அமைய" என்னுஞ் சொற்கள் எங்கே நிற்கின்றன? ஐந்து: இதனை மீண்டும் மாற்றுவது எளிதா, அரிதா?

இரண்டாங் கேள்வியின் வலிமையை ஓர் உதாரணத்தாற் காண்போம். 2001ஆம் ஆண்டுப் பதினேழாந் திருத்தம் அரசியலமைப்புப் பேரவை ஒன்றை நிறுவிற்று. உயர் நீதிபதிகளையும் சில உயர் பதவியினரையும் சனாதிபதி நியமிக்குமுன் அப்பேரவையின் அங்கீகாரத்தைப் பெறல் வேண்டும் என்றது. 2010இல் வந்த பதினெட்டாந் திருத்தம் பேரவையை நீக்கிப் பாராளுமன்றச் சபை என ஒன்றை வைத்தது. அதனிடம் சனாதிபதி கேட்க வேண்டியது அவதானிப்புகளை மாத்திரமே. 2015இன் பத்தொன்பதாந் திருத்தம் அங்கீகாரத்தை மீட்டது. 2020இன் இருபதாந் திருத்தம் மறுபடியும் அவதானிப்புக்கு இறக்கியது. 2022இன் இருபத்தோராந் திருத்தம் மீண்டும் அங்கீகாரத்துக்கு ஏற்றியது.

இருபத்தோராண்டு காலத்தில் ஐந்து திருத்தங்கள்! பக்கம் பக்கமாக அச்சிடப்பட்ட அவற்றின் முக்கிய சாரங்களில் ஒன்று, "அங்கீகாரம்" என்பதா "அவதானிப்பு" என்பதா என்ற ஒரு சொல்லிலேயே அடங்கிற்று. நீங்கள் சம்மதித்தால் மாத்திரமே காணியை விற்பேன் என்று தமையன் தம்பிக்கு எழுதிக் கொடுப்பது ஒன்று. விற்குமுன் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்பேன் என்பது வேறொன்று. இவ்வேற்றுமையை விளங்காத கமக்காரர் எவரும் இலர். விளங்கும்படி சொல்லாதிருந்தவர்கள் நாமே!

நிலமும் நீரும்

இனி, நமது மக்கள் அதிகம் பேசுவதும் குறைவாகப் படித்திருப்பதுமான பதின்மூன்றாந் திருத்தத்துக்கு வருவோம். 1987 ஜூலை 29ஆந் திகதி இந்திய இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதனைத் தொடர்ந்து அவ்வாண்டு நவம்பர் 14ஆந் திகதி இத்திருத்தம் சட்டமாயிற்று. இதனால் எல்லாம் கிடைத்துவிட்டது என்பாரும் உளர். ஒன்றுமே கிடைக்கவில்லை என்பாரும் உளர். இரு சாராரையும், "ஒன்பதாம் அட்டவணையை வாசித்தீரா?" என்று நாம் வினவுகிறோம்.

அவ்வட்டவணையில் மூன்று நிரல்கள் உள. முதலாவது மாகாண சபை நிரல். இரண்டாவது மத்திய அரசுக்கு ஒதுக்கிய நிரல். மூன்றாவது இருவருக்கும் பொதுவான ஒருங்கிய நிரல். மாகாண சபை நிரலில் விவசாயமும் விவசாய விரிவாக்கமும், சிறு நீர்ப்பாசன வேலைகளின் பராமரிப்பும், கூட்டுறவும், கால்நடை வளர்ப்பும் காணப்படுகின்றன. நமது குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் இங்கே இடமுண்டு. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களூடாகப் பாயும் ஆறுகளைச் சார்ந்த நீர்ப்பாசனத் திட்டங்கள் விலக்கப்பட்டுள்ளன. ஒரு மாகாணத்துள் அடங்கிய ஆற்றின் நீருக்கும், மகாவலி போன்ற ஆற்றின் நீருக்கும் ஆளும் கை வெவ்வேறாவது இதனாலேதான்.

ஒதுக்கிய நிரலின் முதல் வரியையும் படித்தல் வேண்டும். எல்லா விடயங்கள் பற்றியுமான தேசியக் கொள்கை மத்திய அரசுக்குரியது என்று அது கூறுகிறது. முன் வாயிலால் உள்ளே விட்டவனைப் பின் வாயிலால் அழைத்துச் செல்லத்தக்க வரி அது. விவசாயம் மாகாணத்துடையது, ஆனால் விவசாயம் பற்றிய தேசியக் கொள்கை கொழும்பினுடையது. கொள்கை எங்கே முடிகிறது, நிருவாகம் எங்கே தொடங்குகிறது என்று எல்லைக் கல் நாட்டப்படவில்லை. மாகாண விவசாயத் திணைக்களம் ஒருபுறமும் மத்திய அரசின் கமநல அபிவிருத்தித் திணைக்களம் மறுபுறமுமாக நம் கமக்காரர் இரு வாசல்களில் நிற்க நேர்வது இந்தக் கலப்பின் விளைவே.

காணி பற்றிய பிற்சேர்க்கை இன்னும் கவனத்துக்குரியது. காணி மாகாண சபை நிரலில் இருக்கிறது என்பது மெய். ஆனால் அரச காணி குடியரசுக்கே உரித்தாயிருக்கும் என்று பிற்சேர்க்கை தொடங்குகிறது. மாகாணத்திலுள்ள அரச காணியைக் குடிமகன் ஒருவருக்குப் பராதீனப்படுத்துவது மாகாண சபையின் ஆலோசனைப்படி சனாதிபதியால் செய்யப்படும் என்றும் கூறுகிறது. "ஆலோசனைப்படி" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அதிகாரம் நமதே என்று வாதிட்டோர் உளர். 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்த்தது. அரச காணியின் மீதான அதிகாரம் மத்திய அரசிடமே நிற்கிறது, மாகாண சபைக்குக் கிடைப்பது மத்திய அரசு அதற்கு அளிக்கும் காணியின் அளவுக்கே என்பது அத்தீர்ப்பின் சாரம். 1987இல் எழுதப்பட்ட வாசகத்தின் பொருள் இருபத்தாறு ஆண்டுகளின் பின் நமக்குச் சொல்லப்பட்டது. உறுதி எழுதும் நாளில் எல்லையைக் கேளாதவன், வழக்குத் தீரும் நாளில் எல்லையை அறிந்துகொள்கிறான்!

நான்காங் கேள்விக்கும் இத்திருத்தத்திலேயே உதாரணமுண்டு. ஆளுநர் அமைச்சர் சபையின் ஆலோசனைப்படி ஒழுகல் வேண்டும். தமது தற்றுணிபுப்படி செய்யவேண்டிய கருமங்கள் தவிர. எது தற்றுணிபுக்குரியது என்பதில் ஐயம் எழுந்தால் ஆளுநரின் முடிவே இறுதியானது; எந்த நீதிமன்றத்திலும் அதனை வினவ முடியாது. அத்தற்றுணிபும் சனாதிபதியின் பணிப்புக்கு அமையவே பிரயோகிக்கப்படும். வாக்கியத்தின் தலையிலே முதலமைச்சர் அமர்ந்திருக்க, அதன் வாலிலே சனாதிபதி நிற்கிறார். தலையை மாத்திரம் பார்த்து மகிழ்வதும், வாலை மாத்திரம் பார்த்து வெகுள்வதும் ஒரே குறையின் இரு பக்கங்களாகும்.

பயன்பட்ட ஒரு வாசகம்

இவ்வாறு கூறுவதால் அத்திருத்தத்தைப் பயனற்றது என்று நாம் தள்ளிவிடவில்லை. 154எ உறுப்புரையில் ஒரு காவல் இருக்கிறது. மாகாண சபை நிரலிலுள்ள விடயம் பற்றிய சட்டமூலம் எதுவும் முதலில் ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பப்பட்டு அதன் கருத்து அறியப்படல் வேண்டும். எல்லாச் சபைகளும் இணங்கினாற் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒரு சபையேனும் இணங்காவிடின், அதனை நாடு முழுவதற்கும் சட்டமாக்க மூன்றில் இரண்டு வேண்டும். திருத்தத்தின் மாகாண சபை அத்தியாயத்தை மாற்றுவதற்கும் இவ்வாறே முன்னதாகச் சபைகளின் கருத்தைக் கேட்டல் வேண்டும்.

2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தபோது இந்தக் காவல் பேசிற்று. அதனை மாகாண சபைகளுக்கு அனுப்பவேண்டும் என உயர் நீதிமன்றம் கூறிற்று. அக்காலத்தில் வட மாகாணத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. ஆளுநரே இணக்கம் தெரிவித்தார். சபையின் இடத்தில் ஆளுநர் நின்று கருத்துச் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. ஈற்றில் 2013 ஜனவரியில் மூன்றில் இரு பங்கு வாக்கினால் அச்சட்டம் நிறைவேறியது என்பதையும் மறைக்காமற் சொல்கிறோம். காவல் இருந்தது, அது கதவைப் பூட்டவில்லை, ஆயினும் கதவைத் தட்டாமல் நுழைய முடியாதபடி செய்தது.

வட மாகாண சபைத் தேர்தல் 2013 செப்டெம்பர் 21ஆந் திகதி நடைபெற்றது. 2018 ஒக்டோபரில் அச்சபையின் காலம் முடிந்தது. 2014இல் ஊவா மாகாணத் தேர்தல் நடந்தபின் பத்தாண்டுகளுக்கு மேலாக எந்த மாகாணத்திலும் சபைத் தேர்தல் நடத்தப்படவில்லை. 2017ஆம் ஆண்டில் தேர்தல் முறையை மாற்றிய சட்டமும், 2018இல் பாராளுமன்றத்தில் தோற்ற எல்லை நிர்ணய அறிக்கையும் இதற்கு வழிகோலின. அரசியலமைப்பின் ஓர் எழுத்தும் அழிக்கப்படவில்லை. ஆயினும் சபையே இல்லாதவிடத்துக் கருத்துக் கேட்கப்படுவது யாரிடம்? திருத்தாமலே ஒரு வாசகத்தைத் தூங்க வைக்க முடியும் என்பதை இதிலிருந்து நாம் கற்கிறோம்.

எந்த மொழி மேலோங்கும்?

பதின்மூன்றாந் திருத்தமே 18ஆம் உறுப்புரையில் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 டிசெம்பரில் வந்த பதினாறாந் திருத்தம் சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்படல் வேண்டும் என்றது. நன்று. ஆனால் அண்மைக்காலச் சட்டங்களின் கடைசிப் பிரிவை எடுத்துப் பாருங்கள். இரு வாசகங்களுக்குமிடையே முரண் தோன்றின் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று அங்கே எழுதப்பட்டிருக்கக் காண்பீர்கள். எந்த வாசகம் மேலோங்கும் என்பதை இயற்றும்போதே பாராளுமன்றம் தீர்மானிக்கலாம் என்ற இடம் அதற்குண்டு.

இதன் பொருளை உணர்தற்கு 2017 செப்டெம்பரில் வெளிவந்த அரசியலமைப்பு வழிப்படுத்தற் குழுவின் இடைக்கால அறிக்கையை நினைவிற் கொள்வோம். நாட்டின் தன்மையைக் குறிக்கச் சிங்களத்தில் "ஏக்கிய இராச்சிய" என்றும் தமிழில் "ஒருமித்த நாடு" என்றும் இரு சொற்கள் அதில் முன்மொழியப்பட்டன. தமிழ்ச் சொல்லை ஏந்தி ஒரு மேடையும், சிங்களச் சொல்லை ஏந்தி மற்றொரு மேடையும் முழங்கின. முரண் எழுந்தால் எந்தச் சொல் நிற்கும் என்று கேட்டவர் சிலரே. தமிழ் வாசகத்தை மாத்திரம் படித்துத் திருப்தியடைதல் நமக்குப் போதாது. இரு மொழியும் அறிந்த நம் ஆசிரியர்களும் உத்தியோகத்தரும் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுச் சொல்லல் வேண்டும்.

கதவு திறந்திருக்கும் சில நாள்கள்

"படித்து என்ன பயன்? கையுயர்த்த ஆள் இருந்தால் அவர்கள் நினைத்ததைச் செய்வார்கள்" என்று நம் பெரியவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. அச்சலிப்புக்குக் காரணம் உண்டு. சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு சிறுபான்மையோருக்குக் காவல் என்று நம்பினோம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பாதித்தபோது அக்காவல் உதவவில்லை. 1953இல் கோமறைக் கழகமும் அச்சட்டத்தைச் செல்லும் என்றது. 1972இல் அப்பிரிவே இல்லாமற் போயிற்று. 1983 ஜூலை வன்செயலின் புகை அடங்குமுன், ஆகஸ்ட் 8ஆந் திகதி, ஆறாந் திருத்தம் சட்டமாயிற்று. அது விதித்த பிரிவினை எதிர்ப்புச் சத்தியத்தை எடுக்காத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர் தம் ஆசனங்களை இழந்தனர்.

ஆயினும் சலிப்பு ஒரு கொள்கையாகாது. இந்நாட்டில் சட்டமூலம் ஒன்றை நீதிமன்றத்தில் வினவ ஒரு கதவு உண்டு. அது வர்த்தமானியில் வெளிவந்து பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றபின் குடிமக்கள் எவரும் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அரசியலமைப்புத் திருத்தமாயின், அதற்குச் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டுமா என்பதே அங்கு தீர்மானிக்கப்படும். 1987இல் ஒன்பது நீதியரசர்கள் கூடிப் பதின்மூன்றாந் திருத்தத்தை ஆராய்ந்தபோது அவர்கள் கருத்து ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஆனால் அக்கதவு திறந்திருக்குங் காலம் மிகக் குறுகியது. சட்டம் நிறைவேறி அத்தாட்சிப்படுத்தப்பட்டபின் அது செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் வினவ இயலாது என 80ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆகவே, ஆறுதலாகப் படிப்போம் என்பவன் படியாதவனுக்கே ஒப்பாவான்.

2024ஆம் ஆண்டு நவம்பர்ப் பொதுத் தேர்தலில் ஒரே அணி 159 ஆசனங்களைப் பெற்றது. 150 போதும் என்று முன்னே கூறினோம். அத்தகைய பலத்தை நன்மைக்கும் பயன்படுத்தலாம், தீமைக்கும் பயன்படுத்தலாம். எதுவாயினும், வாசகம் வெளிவரும் நாளில் நாம் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.

நமது கடமை

வழக்கறிஞர்களே, ஆசிரியர்களே, வைத்தியர்களே, எழுதுவினைஞர்களே! திருத்தச் சட்டமூலம் ஒன்று வர்த்தமானியில் வெளிவந்து மூன்று நாள்களுக்குள் ஒரே பக்கத்தில் அதன் சுருக்கத்தை எளிய தமிழில் எழுதி ஒவ்வொரு வாசிகசாலையிலும் சனசமூக நிலையத்திலும் ஒட்டுவோம். முற்கூறிய ஐந்து கேள்விகளும் அவற்றின் விடைகளுமே அப்பக்கம். உறுப்புரை இலக்கத்தை விடாது குறிப்போம். ஐயமுள்ளவர் மூலத்தைத் தேடிப் பார்க்கட்டும். போகும் சொல்லையும் வரும் சொல்லையும் அருகருகே எழுதுவோம். பொருள் தெளிவற்ற இடத்தில் தெளிவில்லை என்றே எழுதுவோம்.

ஒரு கட்டுப்பாட்டையும் நாம் ஏற்றல் வேண்டும். நமது கட்சியின் விருப்பு வெறுப்பை அச்சுருக்கத்துள் கலத்தலாகாது. கருத்துச் சொல்ல வேண்டுமாயின் கீழே கோடிட்டுத் தனியே சொல்வோம். சுருக்கம் எழுதுபவன் சாட்சியைப் போன்றவன், வழக்காளியைப் போன்றவனல்லன். நமக்கு உகந்த திருத்தத்தின் குறையை மறைப்பவன், நாளை நமக்குத் தீங்கான திருத்தத்தின் குறையைச் சொல்லும்போது நம்பப்படமாட்டான்.

கமக்காரப் பெருமக்களே! உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. "விளங்கவில்லை" என்று சொல்லக் கூசாதீர்கள். கிணற்றுப் பங்கைக் கேட்ட அதே வாயால், "என் குளம் எந்த நிரலில் இருக்கிறது? என் காணிக்கு ஆலோசனை சொல்வது யார், முடிவு சொல்வது யார்?" என்று கேளுங்கள். மேடையேறும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், நம்மிடமும் கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவர் படித்துவிட்டு வரட்டும்.

நமது முன்னோர் தோம்பிலே பதிந்த காணியை எழுத்தெழுத்தாகக் காத்து நமக்குத் தந்தனர். நாட்டின் உறுதியில் நமது பங்கு எவ்வளவு, அதன் எல்லை எது, வழி வாய்க்கால் எங்கே என்பதை வாசித்தறிந்து நம் பிள்ளைகளுக்குச் சொல்வது நமது பொறுப்பு. அடுத்த வாசகம் வருமுன் இன்றிருக்கும் வாசகத்தை வாசிக்கத் தொடங்குவோம். இக்கூட்டம் கலையுமுன் ஒன்பதாம் அட்டவணையின் தமிழ்ப் படியொன்றை இவ்வாசிகசாலை மேசையில் வைத்துச் செல்கிறோம். அது தூசி படியாமற் காப்பது உங்கள் கைகளில்.